குரல் கேட்டது, சொல் கேட்டதா?

அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்ட வார இறுதியில் காமிராக்கள் மலையேறின. சிரிப்பும் பாட்டும் நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அவருடைய மொழியும் நிலமும் மலையிலேயே தங்கிவிட்டன.

2022 ஜூலை 21, வியாழக்கிழமை. வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டு, ஒடிசாவின் சந்தாலி இனத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகத் தேர்வானார். மறுநாள் டெல்லியில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளின் பட்டியல் வெளியானது. சிறந்த பின்னணிப் பாடகி: நஞ்சியம்மா. படம்: ‘அய்யப்பனும் கோஷியும்’. திங்கட்கிழமை முர்மு பதவியேற்றார். நாட்டின் முதல் குடிமகளாக ஒரு ஆதிவாசிப் பெண், நாட்டின் சிறந்த பாடகியாக இன்னொரு ஆதிவாசிப் பெண். செய்தி ஆசிரியர்கள் வேறென்ன கேட்பார்கள்?

இடையில் கிடந்த சனியும் ஞாயிறும் அட்டப்பாடிக்கு உரியவை ஆயின. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோவைக்கு மேற்கே, பவானியும் சிறுவாணியும் ஓடும் மலைநாடு அது. பாலக்காட்டிலிருந்து வருகிறவர்கள் மண்ணார்க்காட்டைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, முக்காலி வழியாக அகளிக்கு வரவேண்டும். கோவையிலிருந்து வருகிறவர்களுக்குத் தடாகம், மாங்கரை, ஆனைகட்டி என்று பாதை சுலபம். சுமார் 30 கிலோமீட்டரில் எல்லை வந்துவிடும். ஆனைகட்டியில் ஓடையைத் தாண்டினால் மாநிலம் மாறும். கடைக்காரரின் பேச்சு மாறாது.

அந்த இரண்டு நாட்களும் எல்லோரும் தேடிய இடம் நக்குப்பதிப் பிரிவு. அறுபது வயதை ஒட்டிய, இருளர் சமுதாயத்தைச் சேர்ந்த, ஆடு மாடு மேய்த்த நஞ்சியம்மாவின் ஊர் அதுதான்.

மூன்று பேர், மூன்று கேள்விகள்

விருதுச் செய்தி சேகரிப்பு என்றதும் பெரிய வேன்களும் ஒளி விளக்குகளும் நினைவுக்கு வரலாம். மலைக்கு வருவது பெரும்பாலும் சிறிய குழு. ஒரு நிருபர், ஒரு காமிராமேன், வண்டி ஓட்டுகிற ஒருவர். சமயத்தில் அந்த ஓட்டுநரே மைக்கைப் பிடிப்பார். கையில் ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக், இரண்டு பேட்டரி. மதியத்துக்குள் படத்தை அனுப்பவேண்டும். செல்போன் டவர் கிடைக்கும் வளைவு எது என்று தெரிந்துவைத்திருப்பவரே அன்று குழுவின் உண்மையான தலைவர்.

ஜூலை மாதத்தில் வேலை இன்னும் கடினம். மலையின் மேற்குப் பக்கம் மழையில் நனைகிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவு. ஆனால் காற்று பேயாக அடிக்கும். சோலையூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சாட்சி. மைக்குக்குக் கம்பளி உறை போடாவிட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் பதிவாகும். வீட்டுக்குள் எடுக்கலாம் என்றால் வெளிச்சம் போதாது. வாசலில் எடுக்கலாம் என்றால் இன்னொரு குழுவின் நிருபர் தோளில் இடிப்பார்.

இத்தனை நெருக்கடியில் கேட்கப்படும் கேள்விகள் சுருங்கிப்போவதில் வியப்பில்லை. அந்த வார இறுதியின் பேட்டிகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அவை மூன்றாகச் சுருங்கியது தெரியும். விருது கிடைத்தது எப்படி இருக்கிறது? சச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு வரி பாடுங்கள்.

மூன்றுக்கும் நஞ்சியம்மா பதில் தந்தார். விருதைச் சச்சிக்கே சமர்ப்பித்தார். ஆடு மேய்த்துத் திரிந்த தன்னை உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான் என்றார். இயக்குநர் சச்சி அதைக் கேட்க இல்லை. படம் 2020 பிப்ரவரி 7 அன்று வெளியானது. அதே ஆண்டு ஜூன் 18 அன்று அவர் காலமானார். சிறந்த இயக்குநர் விருது அவருக்கு மரணத்துக்குப் பிறகு வந்தது. சிறந்த துணை நடிகர் பிஜு மேனன், சண்டைப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்து அந்தப் படத்துக்கு மொத்தம் நான்கு விருதுகள்.

பாடுங்கள் என்றதும் பாடினார். சிரியுங்கள் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தச் சிரிப்பு ஏற்கெனவே பிரபலம். படம் வெளிவருமுன் வந்த முன்னோட்டக் காட்சியில், பிருத்விராஜையும் பிஜு மேனனையும் தெரியுமா என்று கேட்டபோது தெரியாது என்று அவர் சிரித்த சிரிப்பு கேரளத்தையே வசப்படுத்தியிருந்தது. நட்சத்திரங்களைத் தெரியாத ஒரு பாட்டி! தொலைக்காட்சிக்கு அதைவிட இனிப்பான பண்டம் ஏது? ஆனால் எதிர்க் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நஞ்சியம்மாவுக்குப் பிருத்விராஜைத் தெரியாதது செய்தி. அட்டப்பாடியில் எத்தனை மொழி பேசப்படுகிறது என்று நமக்குத் தெரியாதது ஏன் செய்தியாகவில்லை?

‘மலையாளப் பாட்டு’ என்று ஒரு வரி

மூன்று பேர் கொண்ட அந்தச் சிறிய குழுவில் வழக்கமாக இல்லாத நான்காவது ஆள் மொழிபெயர்ப்பாளர். மலையாள நிருபர் மலையாளத்தில் கேட்கிறார். பதில் இருளர் மொழியும் தமிழும் மலையாளமும் கலந்து வருகிறது. ஓரளவு புரிகிறது. அந்த ‘ஓரளவு’ போதும் என்று ஸ்டூடியோவில் முடிவாகிறது. திரையின் அடியில் வரும் வாசகத்தில் மூன்று வாக்கியம் ஒரு வாக்கியமாகச் சுருங்குகிறது. டெல்லிக்குப் போகும்போது அது ‘ரொம்ப சந்தோஷம்’ என்று ஆகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு மேசையில் பல ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் புதிதல்ல. அறியாத மொழியைவிட ஆபத்தானது பாதி அறிந்த மொழி. முழுக்கத் தெரியாதபோது ஆளைத் தேடுவோம். பாதி தெரிந்தால் நாமே ஊகித்துக்கொள்வோம்.

அந்தப் பாட்டின் முதல் சொல்லையே பாருங்கள். ‘கலக்காத்த’ என்பது தமிழ்க் காதுக்குக் கலக்கம் இல்லாதது என்பதுபோல ஒலிக்கும். பொருள் அதுவல்ல. கிழக்குப் பக்கத்தைக் குறிக்கும் சொல் அது. அடுத்து வருவது சந்தன மரம். ஒவ்வொரு திசையிலும் நிற்கிற மரத்தைச் சொல்லி, பூத்திருப்பதைச் சொல்லி, வானத்தில் போகும் விமானத்தையும் வேடிக்கை காட்டுகிற பாட்டு. ஊரில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது பாடுவது என்று நஞ்சியம்மாவே விளக்கியிருக்கிறார். ஜேக்ஸ் பிஜாய் இசையமைப்பில் அது ஒரு ஆவேசமான ஆக்‌ஷன் படத்தின் முகப்புப் பாட்டாயிற்று. கேட்டு ஆடியவர்கள் லட்சக்கணக்கானோர். அது குழந்தைக்குக் கிழக்கையும் மேற்கையும் சொல்லிக்கொடுக்கும் பாட்டு என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்?

விருதுப் பட்டியலில் படத்தின் மொழி மலையாளம். அது முறைதான், படம் மலையாளப் படம். ஆனால் செய்திகளில் பாட்டும் ‘மலையாளப் பாட்டு’ ஆகிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் சிலர் ‘இது தமிழ்தானே’ என்று பெருமைப்பட்டார்கள். இரண்டும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இருளர் மொழி திராவிடக் குடும்பத்தில் தமிழுக்கு மிக நெருங்கியது. ஆனாலும் தனி மொழி. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் நீலகிரி இருளர்களின் பேச்சை ஆராய்ந்து 1973 முதல் 1982 வரை மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டார். மூன்றாவது பகுதி முழுக்க அவர்களுடைய வாய்மொழி வழக்காறுகளும் மொழிபெயர்ப்பும்தான். பிராகாவிலிருந்து வந்தவருக்குக் கேட்டது, கோவையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் போகிறவர்களுக்குக் கேட்காமல் போகவேண்டிய அவசியமில்லை.

ஊர்ப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. கொங்குத் தமிழில் ‘பிரிவு’ என்றால் சாலை கிளை பிரியும் இடம். கோவை, ஈரோடு வட்டாரத்தில் பஸ் கண்டக்டர்கள் நாள் முழுக்கக் கூவும் சொல். நக்குப்பதிப் பிரிவு என்ற பெயருக்குள் கொங்கு நாடு உட்கார்ந்திருக்கிறது. மலையாளத்தில் எழுதப்படும் பலகையில் அது வெறும் பெயர். தமிழ் அறிந்தவருக்கு அது வழி.

அதேபோல ‘ஊரு’. அட்டப்பாடியில் ஆதிவாசிக் குடியிருப்பு ஒவ்வொன்றும் ஊரு. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளிலும் சேர்த்து சுமார் 190 ஊருகள். ஊருக்கு மூப்பன் உண்டு. அவருக்குத் துணையாக வண்டாரி, குருதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் உண்டு. விதைக்கும் நாளைச் சொல்வது மண்ணுக்காரன் வேலை. இதை ‘காலனி’ என்று மொழிபெயர்த்தால் ஒரு அரசாங்கமே காணாமல் போகிறது. நல்ல மொழிபெயர்ப்பு சில சமயம் மொழிபெயர்க்காமல் விடுவதுதான்.

சுருதிச் சண்டை

வார இறுதி முடிவதற்குள் சர்ச்சை கிளம்பிவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த இசைக் கலைஞர் ஒருவர் வெளியிட்ட வீடியோவில், இசைக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர்களுக்கு இந்த விருது அவமானம் என்ற பொருளில் பேசினார். சாதாரணமான ஒரு திரைப்பாடலை நஞ்சியம்மாவால் பயிற்சி எடுத்தும் பாடமுடியுமா என்று கேட்டார். மறுபக்கத்திலிருந்து பதில்கள் குவிந்தன. இசையமைப்பாளர் அல்போன்ஸ் ஜோசப் வெளிப்படையாக நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார். பாடகர்கள் பலரும் அப்படியே. நஞ்சியம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மைக் பிடித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்று கிடைத்தது. ஆனால் ‘சுருதி சேருமா, சேராதா’ என்ற அளவிலேயே விவாதம் நின்றுவிட்டது. பாலக்காட்டில் இந்தக் கேள்வி எழுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இது செம்பை வைத்தியநாத பாகவதரின் மாவட்டம், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் முழங்கிய மண், எம்.டி. ராமநாதனும் கே.வி. நாராயணசாமியும் பிறந்த ஊர்கள் இங்கேதான். பாலக்காட்டு அரசு இசைக் கல்லூரி செம்பையின் பெயரில் இயங்குகிறது. கல்பாத்தித் தேரோட்டத்தை ஒட்டிக் கச்சேரிகள் நடக்கின்றன. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் தமிழ் சினிமாவுக்கே மெட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு மாவட்டத்தில் சுருதியைப் பற்றிக் கறாராக இருப்பது பரம்பரைப் பழக்கம்.

ஆனால் இந்த விருது எதை அளக்கிறது? அது வாழ்நாள் சாதனை விருது அல்ல. கச்சேரி மேடையில் வைக்கும் போட்டியும் அல்ல. அந்த ஆண்டின் படம் ஒன்றில், ஒரு பாட்டில், குரல் என்ன செய்தது என்பதே கேள்வி. அந்தக் கணக்கில் பார்த்தால் நடுவர் குழுவின் முடிவில் வேடிக்கையான ஒரு சமநிலை இருக்கிறது. அதே ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகர் விருது பெற்றவர் ராகுல் தேஷ்பாண்டே. மராட்டிப் படம் ‘மீ வசந்தராவ்’. இந்துஸ்தானி மேதை வசந்தராவ் தேஷ்பாண்டேயின் பேரன், தாத்தாவின் கதையில், சாஸ்திரிய சங்கீதம் பாடி வாங்கினார். ஒரு கையில் கரானா, இன்னொரு கையில் ஊரு. நடுவர் குழுவுக்குச் சாஸ்திரிய இசை தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

விருதின் வரலாறும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. இந்தப் பிரிவில் முதல் பாடகி பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’, 1968. அடுத்த ஆண்டு ‘துணைவன்’ படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாள். ரயிலில் பாடத் தொடங்கி நாடக மேடையில் வளர்ந்த குரல் அது. 1994ஆம் ஆண்டுக்கு ‘கருத்தம்மா’வில் பாடிய ஸ்வர்ணலதா, அவரும் பாலக்காடு மாவட்டத்துக்காரர்தான், சித்தூர்ப் பக்கம். மென்மையான குரலுக்கும் கிடைத்திருக்கிறது. ஓங்கி ஒலித்த குரலுக்கும் கிடைத்திருக்கிறது. இந்த வரிசையில் நஞ்சியம்மா விதிவிலக்கு என்பதைவிட, வரிசை கொஞ்சம் நீண்டது என்று சொல்வதே சரி.

இன்னொன்றும் உண்டு. இருளர் இசைக்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. பொறை, தவில், கொகால் என்ற குழல், ஜால்ரா ஆகியவற்றோடு வட்டமாகச் சுற்றி ஆடும்போது எழும் பாட்டு அது. சுருதிப் பெட்டியைவிடக் காலடியின் தாளமே அங்கே முக்கியம். அட்டப்பாடியின் ஆசாத் கலா சமிதி என்ற குழுவோடு மேடைகளில் பாடிப் பழகியவர் நஞ்சியம்மா. பழனிசாமி என்ற ஆதிவாசிக் கலைஞர் நடத்தும் குழு அது. சினிமாவுக்கு முன்பே அவருக்கு மேடை உண்டு, ரசிகர்களும் உண்டு. ‘எங்கிருந்தோ வந்த அதிசயம்’ என்று எழுதியவர்கள் எங்கிருந்து என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

அட்டப்பாடிக்குக் காமிரா வரும் நாட்கள்

அட்டப்பாடிக்குக் காமிராக்கள் புதிதல்ல. 2013இல் ஊட்டச்சத்துக் குறைவால் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது வந்தன. கோட்டத்தரை ஆஸ்பத்திரியின் வாசல் அப்போது நாட்டுக்கே தெரிந்தது. 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞர் உணவுப் பொருள் திருடியதாகக் கும்பலால் பிடிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, இறந்துபோனார். கைகள் கட்டப்பட்டு நின்ற அவரோடு, பிடித்தவர்களே செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

குழந்தைகளின் சாவு, ஒரு கொலை, ஒரு பாட்டு. பத்தாண்டுகளில் அட்டப்பாடி தேசியச் செய்தியானது பெரும்பாலும் இந்த மூன்று முறைதான். முதல் இரண்டும் துயரம், மூன்றாவது கொண்டாட்டம் என்று பிரித்துவைப்பது எளிது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஆறு: நிலம்.

1951இல் அட்டப்பாடியின் மக்கள்தொகையில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. கிழக்கே தமிழ்நாட்டிலிருந்தும் மேற்கே கேரளச் சமவெளியிலிருந்தும் குடியேறியவர்கள் வந்துசேர்ந்தார்கள். ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் கைமாறியது. கைமாறிய நிலத்தை மீட்டுத்தரக் கேரள சட்டமன்றம் 1975இல் சட்டம் இயற்றியது; விதிகள் வரவே 1986 ஆயிற்று. 1999இல் வேறொரு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், ஆதிவாசிக்கு மாற்று நிலம் தரப்படும் என்றது அது. தாத்தா புதைக்கப்பட்ட மண்ணுக்கு மாற்று மண் எது என்று சட்டத்தில் எழுதவில்லை.

விருது பெற்ற பாடகியும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. அகளியில் சுமார் 4 ஏக்கர் நிலம் தன் கணவரின் குடும்பத்துக்கு உரியது, பொய் ஆவணங்களால் கைமாறியது என்பது நஞ்சியம்மாவின் புகார். நிலத்தை வைத்திருப்பவர்கள் மறுக்கிறார்கள். விவகாரம் கேரள சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டது. வருவாய்த் துறை விசாரணை நடந்தது. அதுபற்றி எழுதிய மலையாளப் பத்திரிகையாளர் ஒருவர் மீது 2023இல் போலீஸ் வழக்கே பதிவாயிற்று. உரிமை யாருடையது என்பதைத் தீர்மானிக்கவேண்டியவை உரிய மன்றங்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. விருது வார இறுதியில் வாசலில் குவிந்த மைக்குகளில் எத்தனை, நிலத் தகராறு வந்தபோது அதே வாசலுக்குத் திரும்பின?

விருதின் மறுநாள்

2022 செப்டம்பர் 30 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் விருது வழங்கப்பட்டது. முர்மு கையிலிருந்து நஞ்சியம்மா ரஜத கமலம் பெற்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஜூலையில் செய்தி ஆசிரியர்கள் கற்பனை செய்த படம் நிஜமாகவே கிடைத்தது. பதக்கத்தோடு தொகை அப்போது 50 ஆயிரம் ரூபாய். கைதட்டலின் மதிப்பு அதைவிட அதிகம்தான். ஆனால் கைதட்டலை வைத்து மாடு வாங்கமுடியாது.

நாட்டுப்புறக் குரல்கள் சினிமாவுக்கு வந்து போவது நமக்குப் பழக்கமான காட்சி. ‘ஆண் பாவம்’ மூலம் 1985இல் திரைக்கு வந்த கொல்லங்குடி கருப்பாயி. ‘தூள்’ படத்தால் 2003இல் தமிழ்நாடெங்கும் தெரிந்த பரவை முனியம்மா. முனியம்மா உடல் நலிந்து கஷ்டப்படுகிறார் என்ற செய்தி 2015இல் வந்த பிறகுதான் அரசு உதவி வந்துசேர்ந்தது. தெலுங்கு தேசத்திலும் இதே கதை. ‘அய்யப்பனும் கோஷியும்’ படமே அங்கு ‘பீம்லா நாயக்’ ஆனபோது, முகப்புப் பாட்டில் கின்னேரா என்ற அரிய நரம்புக் கருவியோடு பாடியவர் தர்சனம் மொகிலய்யா. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2024இல் அவர் கட்டட வேலையில் கூலியாக நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. ஒரே கதையின் இரண்டு மொழி வடிவங்களுக்கு இரண்டு மண்ணின் குரல்கள் பலம் கொடுத்தன. படங்கள் வசூலித்தன. பாடியவர்களின் கணக்கு வேறு புத்தகத்தில் எழுதப்படுகிறது.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதும் பொய். நஞ்சியம்மா இன்று கேரளத்தில் எந்த மேடையிலும் பெயர் சொல்லாமலே அடையாளம் காணப்படுபவர். 2022இல் பிரியநந்தனன் இயக்கிய ‘தபாரி குருவி’ முழுக்க இருளர் மொழியில், ஆதிவாசிகளே நடித்து வந்தது. அவ்வாண்டு கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவில் இடம்பெற்றது. அதே 68ஆவது விருதுகளில் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லாத துளு, திமாசா, ஹரியான்வி மொழிப் படங்களும் பரிசு பெற்றன. 22 மொழிகளுக்கு வெளியே உள்ள நாட்டுக்கும் காது இருக்கிறது என்பது மெல்லத் தெரியவருகிறது.

எல்லை நெடுகிலும்

அட்டப்பாடியிலிருந்து தெற்கே இறங்கி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, மறுபடி மலையேறினால் இடுக்கி. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார் வழியாகப் போனால் மறையூர். கேரளத்தின் இயற்கைச் சந்தனக் காடு அங்கேதான். அந்த மலைகளில் வாழும் முதுவர்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயருக்கும் காரணம் சொல்வார்கள். பேச்சு தமிழுக்கு வெகு நெருக்கம். அவர்களுடைய இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தானது. இன்னும் தெற்கே, கோவில்மலையில், மன்னான் சமுதாயத்துக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு. அங்கே ஆடப்படும் மன்னான் கூத்தின் கதை கோவலன் – கண்ணகி. நாம் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய கதையை, அவர்கள் இரவு முழுக்க ஆடித் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றுகிறார்கள்.

இந்தக் குரல்களுக்கு விருது அறிவிக்கப்படும் வெள்ளிக்கிழமை வராமலே போகலாம். அதுவரை காத்திருக்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. இங்கேதான் சிறிய குழுவின் பலம் இருக்கிறது. பெரிய வேன் போகமுடியாத ஊருக்கு மூன்று பேரும் ஒரு ஜீப்பும் போகமுடியும். செய்யவேண்டியதும் அதிகமில்லை. இரண்டு வரி கேட்காமல் பாட்டை முழுதாகப் பாடவிடுவது. நடுவில் ‘கட்’ சொல்லாமல் இருப்பது. பாடியவர் பெயர், ஊரு, மொழி, தேதி ஆகியவற்றைக் காமிரா முன்னாலேயே சொல்லிப் பதிவுசெய்வது. அந்த ஊரின் படித்த பையனையோ பெண்ணையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு எழுதிக்கொள்வது. அதற்குக் கூலி கொடுப்பது. திரையில் அவர் பெயரையும் போடுவது. ஒரு பிரதியை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது. இத்தனைக்கும் அரை நாள் போதும். ஒளிபரப்பில் 30 விநாடிதான் போகும் என்றாலும், மீதி 40 நிமிடம் ஒரு மொழியின் ஆவணமாக மிஞ்சும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது: விருது இல்லாத வாரத்திலும் திரும்பிப் போவது. பாடச் சொல்லிக் கேட்பதற்கு அல்ல. பேசச் சொல்லிக் கேட்பதற்கு. மழை எப்படி, விதை கிடைத்ததா, நிலத்துக்கு வரி கட்ட விடுகிறார்களா, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறாரா? இவற்றுக்கு வரும் பதில்கள் பாட்டைப்போல இனிமையாக இருக்காது, மொழிபெயர்ப்பதும் சிரமம். ஆனால் ஒரு பெண்ணின் குரலை நாட்டிலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்ட பிறகு, அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்காமல் இருப்பதற்கு நம்மிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.